எக்ஸ்பிரஸ் கடையில் பதினோரு பூசணி

கடை திறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளில் உள்ளே இருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் கடைக்காரியின் கணவர். பஸ் ஓட்டிவிட்டு வந்து, இடுப்பு கழன்றுவிட்டது என்று உட்கார்ந்தார். இன்னொருத்தி அவர்களுடைய மகள், வீட்டுப்பாடம் எழுத இடம் இல்லாமல் உட்கார்ந்தவள். மூன்றாவது ஆள் கடைக்காரியேதான். காலையிலிருந்து இரவு வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் ஒரு அளவு உண்டு அல்லவா?

அவளை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவார்கள். பதினாலு வருஷம் வேலை பார்த்த பெரிய பார்லரில் மேடம் வைத்த பெயர் அது. பத்து விரலிலும் பழைய நெயில் பாலிஷைத் துடைத்து, நகத்தை ராவி, புதிதாகப் பூசி, பன்னிரண்டே நிமிஷத்தில் ஆளை எழுப்பி அனுப்பிவிடுவாள். பக்கத்து நாற்காலிப் பெண் ஒரு கையை முடிப்பதற்குள் இவள் அடுத்த ஆளிடம் நலம் விசாரித்துக்கொண்டிருப்பாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டிய கணவரே இப்போது வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மேடத்துக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அது தண்ணீர் வேலை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒரு நிறத்தின் நடுவில் இன்னொரு நிறமாக நெயில் பாலிஷைச் சொட்டவிட்டு, ஊசி முனையால் ஒரு இழுப்பு இழுத்து, விரலை உள்ளே விட்டு எடுத்தால், சலவைக்கல்லில் ஓடுகிற கோடுகள் மாதிரி நகத்தில் மார்பிள் படியும். ஒரு விரலில் வந்தது அடுத்த விரலில் வராது. எக்ஸ்பிரசுக்கு அதில் பைத்தியம். மேடம் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"இது நேரத்தைத் தின்னுற வேலைம்மா. ஒரு ஆளுக்கு நாப்பது நிமிஷம் குடுத்தா, வெளிய உக்காந்திருக்கிறவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க."

மூன்று வருஷம் கேட்டுப் பார்த்தாள். நாலாவது வருஷம் கேட்கவில்லை, தனிக்கடை போட்டுவிட்டாள். வழியனுப்பும்போது மேடம் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "உன் நாற்காலியை இன்னும் யாருக்கும் குடுக்கல. நீ கடை திறந்து ரெண்டாவது சனிக்கிழமை நானே அங்க வரேன். அதுக்குள்ள யோசிச்சு வை" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த நல்ல மனசுதான் எக்ஸ்பிரசைத் தூங்கவிடாமல் செய்தது.

வாயும் அவளுக்குக் கையைப் போலவே வேகம். "சனிக்கிழமைக்குள்ள வெளியாள் ஒருத்தராவது இந்த நாற்காலில உக்காரலைன்னா, நான் மேடம்கிட்டயே திரும்பப் போயிடறேன்" என்று வீட்டில் அறிவித்துவிட்டாள். யாரும் அவளிடம் அப்படி ஒரு வாக்குக் கேட்கவில்லை.

பத்தாவது நாள் புதன்கிழமை. வேறு வேலை இல்லாததால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் போய் நின்று தன் கடையைத் தானே பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் உயிரைக் கொடுத்துச் செய்து வைத்திருந்த நாற்பது மாதிரி நகங்களும் அங்கிருந்து பார்த்தால் அட்டையில் ஒட்டிய எறும்புகளாகத் தெரிந்தன. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அவளுடைய கடைக்கு இடது பக்கம் காய்கறிக்கடை. அதன் வாசலில் ஒரு கூடை நிறைய சின்னச் சின்னப் பூசணிக்காய்கள், இரண்டு கையையும் சேர்த்தால் அடங்குகிற அளவு. வெளுத்துப்போய்ப் பால் நிறத்தில் இருந்ததால் பழுக்கவில்லை என்று நினைத்து யாரும் வாங்காமல் இரண்டு வாரமாகக் கிடந்தன. எக்ஸ்பிரஸ் அவற்றைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு விழும்வரைகூடக் காத்திராமல் சாலையைக் கடந்தாள்.

"அக்கா, அந்தப் பூசணி மொத்தமும் எனக்கு வேணும்."

காய்கறிக்கடை அக்கா பீன்ஸை நிறுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு, மூட்டை தூக்கிப் பழகிய தோள், எதற்கும் அசராத முகம். "மொத்தமுமா? வீட்டுக்கு யாரும்மா வராங்க?"

"சமைக்க இல்லக்கா. நெயில் பாலிஷ் போட்டுக் கண்ணாடிக்குப் பின்னாடி வைக்கப் போறேன்."

அக்கா தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பூசணிக்கு நகம் எங்கம்மா இருக்கு?"

எக்ஸ்பிரஸ் விளக்கினாள். அக்காவுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் விற்காத சரக்கு கூடையோடு போகிறதே என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொடுத்தார்.

அன்று மத்தியானம் எக்ஸ்பிரஸ் செய்த கூத்தைச் சொன்னால் அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். பூசணிகளைத் துடைத்து, ஸ்பிரிட் போட்டு மெழுகுப் பளபளப்பை எடுத்து, துணி ஊறவைக்கிற பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பினாள். நீலத்தைச் சொட்டினாள். வெள்ளையைச் சொட்டினாள். மூன்றாவதாகப் பவழ நிறத்தைச் சொட்டுவதற்குள் முதலில் விழுந்த நீலம் காய்ந்து, பால் மேல் ஆடை கட்டின மாதிரி இறுகிவிட்டது. ஊசியை வைத்தால் கோடு ஓடவில்லை, ஏடு மொத்தமும் கூடவே எழுந்து வந்தது. பூசணியை முக்கி எடுத்தாள். யாரோ கசக்கிய பிளாஸ்டிக் பையை ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பாலிஷ் சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். எக்ஸ்பிரசுக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வேகம் போதவில்லை என்று தோன்றியது. கிண்ணத்தில் மூன்று சொட்டுப் போட்டு விரலை விடுவதற்கு நாலு நொடி போதும். பேசின் பெரிசு, சொட்டு நிறைய வேண்டும், அதற்கேற்ப ஓட வேண்டும், அவ்வளவுதானே? எல்லாப் பாட்டில்களின் மூடியையும் முன்னாலேயே திறந்து வரிசையாக வைத்தாள். ஒரு கைக்கு இரண்டு பாட்டிலாகப் பிடித்தாள். முழங்கை பட்டு ஒன்று கவிழ்ந்தது. நாலு பூசணி வீணாயிற்று, சட்டைக் கை பச்சையாயிற்று, பேசினில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார். "ஏம்மா, நீ ஓட ஓட அதுவும் உனக்கு முன்னாடி ஓடுதே. பூசணிக்கு என்ன அவசரம்? எந்த பஸ்ஸைப் பிடிக்கணும் அதுக்கு?"

எக்ஸ்பிரஸ் கையிலிருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். அறுபது நொடியில் காயும் என்று போட்டிருந்தது. அலமாரியைப் பார்த்தாள். அங்கிருந்த எண்பது பாட்டிலும் அதே ரகம். பதினாலு வருஷமாக மேடத்தின் பார்லரில் அதைத் தவிர வேறு எதையும் அவள் கை தொட்டதில்லை. நிதானமாக வேலை செய்வதற்கென்று கடை போட்டவள், அலமாரி முழுக்க அவசரத்தையே வாங்கி அடுக்கி வைத்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் விஷயம் புரியாமலேயே கூடச் சேர்ந்து சிரித்தார்.

உடனே கணவருக்கு ஃபோன் போட்டாள். "ஏங்க, கடைசி ஸ்டாப் பக்கத்துல ஃபேன்சி ஸ்டோர் இருக்குல்ல? வரும்போது நெயில் பாலிஷ் வாங்கிட்டு வாங்க. இருக்கிறதுலயே மட்டமானதா. லேசுல காயாததா இருக்கணும்."

"காயாததா?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார். "சரி, கேட்டுப் பாக்கறேன்."

சாயங்காலம் அவர் வந்தபோது பையில் எட்டுப் பாட்டில் இருந்தன. வலது கையை மடக்கிப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். என்ன என்று பிடித்து இழுத்துப் பார்த்தால் ஐந்து விரலிலும் ஐந்து நிறம்.

"கடைக்காரன் சண்டைக்கே வந்துட்டான். எங்க சரக்கு எல்லாம் சட்டுன்னு காயும் சார், குறை சொல்லாதீங்கன்றான். அவன் பேச்சை நம்பி வாங்கிட்டு வந்து நீ ஏமாந்தா என்ன பண்றது? அதான் டெஸ்ட் பண்ணிட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸை டெப்போவுல விட்டுட்டு, அவன் குடுத்த சாம்பிளை விரல்ல போட்டுக்கிட்டு அங்கயே முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன், அப்புறம்தான் போய் வாங்கினேன். இந்த ரெண்டும் காஞ்சிடுச்சு, இதை வாங்கல. இந்த மூணும் பாரு, இன்னும் ஒட்டுது. பஞ்சு, தூசி, என் டிக்கெட் பேப்பர் எல்லாம் ஒட்டியிருக்கு. மிச்சமும் இதே கம்பெனிதான்."

"டெப்போவுல யாரும் பாக்கலையா?"

"எல்லாரும் பாத்தாங்க. நாளையிலேருந்து எனக்கும் ஒரு பட்டப்பேரு வரும்."

அவள் பஞ்சில் ரிமூவரை நனைத்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளுக்கு அப்போது முழுசாகத் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னாள். அவர் கூச்சப்பட்டு, நாற்காலி சௌகரியமாக இருக்கிறது என்று ஏதோ சொன்னார்.

வியாழக்கிழமை காலை. இம்முறை தண்ணீரைக் கை பொறுக்கிற சூட்டில் ஊற்றினாள். நீலத்தைச் சொட்டினாள். அது உருண்டு விழுந்து, ஒரு நொடி யோசித்து, மெல்ல வட்டமாக விரிந்து பேசினின் பாதியைப் பிடித்தது. அதன் நடுவில் வெள்ளை. அதன் நடுவில் பவழம். மறுபடி நீலம். அவள் கையில் ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், எதுவும் இறுகவில்லை. பிறகு நடுவிலிருந்து வெளியே ஒரு கோடு இழுத்தாள். நிறங்கள் எல்லாம் வரிசையாக அந்தப் பக்கம் சாய்ந்து கொடுத்தன. தன் கை இவ்வளவு மெதுவாக நகரும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் பூசணி முங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. காம்பைப் பிடித்து அமுக்கினால் பக்கவாட்டில் உருண்டு மேலே வந்து, விழுந்த கோட்டையெல்லாம் இழுவிவிட்டது. எக்ஸ்பிரசுக்கு விரலில் இருக்கிற சாமர்த்தியம் தோளில் கிடையாது. கடையைப் பக்கத்தில் நின்றவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த அக்கா, "தள்ளு, நான் அமுக்கறேன்" என்று முன்கையை உதறிவிட்டு முன்னால் வந்தார்.

அக்கா இரண்டு கையாலும் பூசணியைப் பிடித்து நேராக உள்ளே இறக்கினார். அதற்கப்புறம் பூசணி மூச்சு விடவில்லை. எக்ஸ்பிரஸ் செய்தித்தாள் துண்டால் மேலே மிதந்த மிச்ச ஏட்டை ஒதுக்கினாள். "இப்ப எடுங்கக்கா" என்றாள்.

வெளியே வந்தது. வெளுப்பான தோல் முழுக்க நீலமும் பவழமும் நரம்பு நரம்பாக ஓடி, பூசணியின் பள்ளங்களில் நெருங்கி, மேடுகளில் அகன்று, காம்பைச் சுற்றி வந்து நின்றிருந்தன. தண்ணீர் சொட்டச் சொட்ட அது மினுமினுத்தது.

"அம்மாடியோ," என்றார் அக்கா. "இதையா நான் ரெண்டு வாரமா யாராவது எடுத்துட்டுப் போனாப் போதும்னு வாசல்ல போட்டு வச்சிருந்தேன்?"

அன்று மாலைக்குள் பதினோரு பூசணி முடித்தார்கள். காய்கறிக்கு ஆள் வந்தால் அக்கா ஓடுவார், அனுப்பிவிட்டு ஓடிவருவார். ஒன்று கரும்பச்சை, ஒன்று ஊதா, ஒன்றில் நிறம் கலங்கிச் சேற்றுத் தண்ணீர் மாதிரி போய் அதையும் அக்கா அழகுதான் என்று சாதித்தார். எக்ஸ்பிரசுக்குப் பசி தெரியவில்லை. நாற்காலி காலியாக இருப்பதே நாள் முழுக்க ஞாபகம் வரவில்லை.

கடைசியில் அக்காவின் கையைப் பார்த்தாள். பதினோரு தடவை முங்கிய கை, மணிக்கட்டு வரை கோடுகள். பஞ்சை எடுத்துத் தோலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். நகத்துக்கு வந்தபோது அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"நகத்துல இருக்கட்டும்மா." அவர் விரல்களை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "மண்ணும் கறையுமாத்தான் இந்தக் கையைப் பாத்திருக்கேன். இப்படிப் பாத்ததே இல்ல. நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா," என்றாள் எக்ஸ்பிரஸ்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றையும் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று படியாக அடுக்கினாள். அரை மணி நேரத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு பெண் சாலையைக் கடந்து வந்தாள். பின்னாலேயே இன்னும் இருவர். எக்ஸ்பிரஸ் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தாள்.

"இந்தப் பூசணி விலைக்கா?" என்று கேட்டாள் வந்தவள்.

அன்று முழுக்க அதே கேள்விதான். மொத்தம் இருபத்தாறு பேர் உள்ளே வந்தார்கள். தோலைச் சீவிவிட்டால் சமைக்கலாமா என்று ஒரு பெரியவர் விசாரித்தார். வேண்டாம் ஐயா என்று கெஞ்சி அனுப்பினாள். ஒரு அம்மா வீட்டுக்குப் போய்த் தன் பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுக்கும் போட்டுக் குடு" என்றார். ஒரு கூரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினார். எல்லோரிடமும் அவள், "இதையே நகத்துல போடுவேங்க, அதான் கடையே" என்று சொன்னாள். "ஓ, அப்படியா" என்றுவிட்டு மறுபடியும் பூசணியைப் பார்த்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

சாயங்காலம் கணவர் வந்து விஷயத்தைக் கேட்டார். "பேசாம பூசணிக்கு ஒரு நாற்காலி போட்டுடு" என்றார். அவள் சிரிக்கப்போய் அழுதுவிட்டாள். அவர் பதறிப்போனார்.

"நாளைக்கு நீ மேடம்கிட்ட என்ன சொன்னாலும் எனக்குச் சரிதான்," என்றார். "போனாலும் சரி, இருந்தாலும் சரி."

"போறேன்னுதான் சொல்லப்போறேன். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நேத்து ஒரு நாள் நல்லா இருந்தேங்க. அது போதும்." அது போதாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கையில் காய்கறிப் பையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பது வயசு இருக்கும். எக்ஸ்பிரஸ் அவள் வாய் திறப்பதற்குள் சொன்னாள். "விலைக்கு இல்லைங்க. சமைக்கவும் முடியாது."

"எது?" என்று திருதிருவென்று விழித்தாள் அவள். பூசணிகளை அப்போதுதான் பார்த்தாள். "ஐயோ, இதைக் கேக்கலைங்க. பக்கத்துக் கடையில அந்த அம்மா வெண்டைக்காய் பொறுக்கிப் போட்டாங்க. அவங்க விரல்லயே கண்ணு நின்னுடுச்சு. எங்க போட்டீங்கன்னு கேட்டேன், இங்கன்னாங்க."

"அது அவங்களுக்குப் போட்டது இல்லைங்க. பூசணிக்குப் போட்டது. அவங்க விரல் குறுக்க வந்துடுச்சு."

"பரவாயில்ல, என் விரலும் குறுக்க வரட்டும்." பையைக் கீழே வைத்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சர்வசாதாரணமாக, பஸ்ஸில் சீட் கிடைத்தவர்கள் உட்காருவார்களே அப்படி. "நான் போஸ்ட் ஆபீஸ் கவுன்டர்ல இருக்கேன். கண்ணாடியில ஒரு சின்ன ஓட்டை, அது வழியா நாள் முழுக்க ஜனங்க என் கையைத்தான் பாக்கிறாங்க. முகத்தை ஒருத்தரும் பாக்கிறதில்ல. கையாவது நல்லா இருக்கட்டுமே."

எக்ஸ்பிரஸ் விரல்களைச் சுற்றி வாஸ்லின் தடவினாள், கோடு தோலில் ஒட்டாமல் துடைத்தெடுக்க வசதியாக. கிண்ணத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்தாள். கணவர் வாங்கி வந்த பாட்டில்களை எடுத்தாள். "நேரம் ஆகும்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"ஆகட்டும். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு லீவு."

நாலாவது விரலில் இருக்கும்போது மேடம் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று பூசணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே வந்து, சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்ப்பதும் விரலைப் பார்ப்பதுமாக இருந்தார். அது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம், குற்றம் சொல்ல முடியாது. எக்ஸ்பிரஸ் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் கை பழையபடி ஓட ஆரம்பித்துவிடும் என்று பயந்தாள்.

ஆறாவது விரலில் இன்னொரு பெண் எட்டிப் பார்த்தாள். அவள் கையிலும் கீரைக்கட்டு. "அடுத்தது நானா? எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரமாவது ஆகுங்க," என்றாள் எக்ஸ்பிரஸ். மேடத்தின் முன்னால் அதைச் சொல்ல அவளுக்குக் காது சுட்டது.

"சரி, நிக்கிறேன்."

மேடம் எழுந்தார். ஸ்டூலை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தி, "உக்காருங்கம்மா, நின்னுக்கிட்டே எதுக்கு?" என்றார். வந்த ஆளை நிற்கவிட்டு அவருக்குப் பழக்கமில்லை. பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, காய்ந்துகொண்டிருந்த ஆறு விரலையும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு விரல் ஒரே மாதிரி இல்ல," என்றார்.

"இருக்காது மேடம்."

மேடம் தலையாட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, "அங்க உன் நாற்காலியில நாளைக்கே வேற ஆளைப் போட்டுடறேன் எக்ஸ்பிரஸ்" என்றார்.

எக்ஸ்பிரஸ் சரி என்று சொல்லத் தலை நிமிர்ந்தாள். ஏழாவது விரலுக்காகத் தண்ணீரில் வைத்திருந்த ஊசி கூடவே திரும்பி, நேராகப் போக வேண்டிய கோடு பாதியில் நெளிந்து வேறு பக்கம் போய்விட்டது.

"அழிச்சிட்டு மறுபடி போடறேங்க," என்றாள்.

போஸ்ட் ஆபீஸ்காரி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "எதுக்கு? இதுதான் எல்லாத்தையும்விட நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே விரலை உள்ளே விட்டாள்.